கட்டுக்குள் ஒரு விளக்கு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை அடுத்து இருக்கிறது கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து வடக்கே வரும் புறநகர் மின்சார ரயில்களில் பல இங்கேதான் வந்து நிற்கின்றன. விடியற்காலை வண்டியில் வந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்தாலே ஊரின் இயல்பு விளங்கிவிடும். தோளில் சாப்பாட்டுப் பை, காலில் கனத்த பாதுகாப்புச் செருப்பு, கண்களில் மீதமிருக்கும் தூக்கம். அத்தனை பேரும் சிப்காட் தொழிற்பேட்டையை நோக்கி நடப்பார்கள். பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக இழுக்கும் ஆலைகள், இரசாயன ஆலைகள், மருந்துக்கான மூலப்பொருள் செய்யும் ஆலைகள் எனப் பலதரப்பட்ட தொழில்கள் இங்கே நடைபெறுகின்றன.

அப்படிப்பட்ட ஓர் ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் நான் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே எனக்கு மிகவும் பழக்கமான கருவி ஒரு சிறு புற ஊதா விளக்கு. வெண்மையான தகட்டின் மீது மருந்துக் கரைசலைத் தொட்டு வைத்து, உலரவிட்டு, இருட்டறையில் அந்த விளக்கின் கீழே பிடிப்போம். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத தகட்டில் நீலமும் பச்சையுமாகப் புள்ளிகள் தோன்றும். கலப்படமான பொருள் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அந்த ஒளியே காட்டிக் கொடுத்துவிடும். ரூபாய் நோட்டின் எண்கள் இவ்விளக்கின் கீழ் ஒளிர்வதை வங்கிகளில் நீங்களும் கண்டிருப்பீர்கள்.

மறைந்திருக்கும் கேட்டை ஒளியால் காட்டும் இந்த வித்தை ஒரு மனிதரின் காலைக் காப்பாற்றவும் பயன்படக்கூடும் என்று அந்நாளில் நான் எண்ணியதில்லை. எண்ண வைத்தது எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

வலிக்காத புண்

என் அக்காவின் கணவர் இங்குள்ள கம்பி ஆலை ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்தவர். நாற்பது வயதிலேயே அவருக்குச் சர்க்கரை நோய் கண்டுவிட்டது. மாத்திரை சாப்பிடுவார், சில மாதம் மறந்தும் போவார். உலையருகே நின்று உழைக்கிறவருக்கு நேரத்துக்கு உணவு, நேரத்துக்கு மருந்து என்பதெல்லாம் எளிதா என்ன?

2019ஆம் ஆண்டு கோடையில் ஒரு நாள், பழுக்கக் காய்ந்த இரும்புச் செதில் ஒன்று அவருடைய செருப்புக்குள் விழுந்திருக்கிறது. அது அவருக்குத் தெரியவே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றியபோதுதான் கட்டை விரலுக்கு அடுத்த இடம் வெந்து கிடப்பதை அக்கா பார்த்துப் பதறினார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை கூடியிருந்ததால் பாதத்தின் நரம்புகள் உணர்விழந்து போயிருந்தன. நெருப்பு சுட்டும் நெருப்பு என்று சொல்ல அந்தக் காலுக்கு நாக்கில்லை.

பக்கத்திலிருந்த சிறு மருத்துவமனையில் புண்ணைத் துடைத்து வெள்ளைக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். ஒப்பந்தக் கூலியில் இருந்தவர் அவர். ஒரு நாள் விடுப்பென்றால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. மூன்று நாள் ஆறு நாளாயிற்று. தொலைபேசியில் நான் விசாரித்தபோதெல்லாம் ஒரே பதில்தான்: "கட்டு வெள்ளையாத்தானே இருக்கு, மச்சான். வலியும் இல்லை."

ஏழாம் நாள் காய்ச்சல் கண்டது. சென்னையில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கட்டைப் பிரித்தார்கள். மேலே வெளுத்திருந்த கட்டின் கீழே சீழ் பிடித்து எலும்பு வரை சென்றுவிட்டது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது. அதன் பிறகு அவர் உலைப் பக்கம் போகவில்லை. இப்போது ஒரு கிடங்கில் காவலராக இருக்கிறார்.

அறுவை செய்த மருத்துவர் அக்காவிடம் சொன்ன சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. "வலி இருந்திருந்தால் இவர் மறுநாளே ஓடி வந்திருப்பார், அம்மா. சர்க்கரைக்காரர்களுக்கு அந்த மணி அடிப்பதில்லை" என்றார்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணித்தது. தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. அதாவது ஏழு பேரில் ஒருவர். அந்த ஏழாமவரின் பாதத்தில் எப்போது மணி அடிப்பது நின்றுபோகும் என்பதை யார் அறிவார்? அப்படி நின்றுபோன மணிக்கு மாற்றாக, கட்டுக்குள்ளேயே ஒரு விளக்கை வைக்க முடியுமா என்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில் முயன்று வருகிறார்கள். அந்த விளக்கின் எண்ணெய், திரி எல்லாம் ஒரு கூழ்தான். ஹைட்ரோஜெல் என்று அதற்குப் பெயர்.

நம் அடுப்படியில் இருக்கும் ஹைட்ரோஜெல்

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளைக்காக நம் வீட்டுப் பெண்கள் கடற்பாசி காய்ச்சுகிறார்களே, அதுவே ஹைட்ரோஜெல்தான். கைப்பிடி பாசியைத் தண்ணீரிலிட்டுக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் கத்தியால் வெட்டும் அளவுக்கு இறுகி நிற்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி வெறும் தண்ணீர். பாசியிலுள்ள நீண்ட இழைகள் வலைபோலப் பின்னிக்கொண்டு அந்தத் தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைத்துள்ளன. சர்பத்தில் போடும் சப்ஜா விதையைச் சுற்றி வழவழவென்று உப்புகிறதே, அதுவும் இவ்வினமே. இனிப்பில் சேர்க்கும் ஜெலட்டின் எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது என்று விசாரித்துப் பழகிய நம் வீடுகளில், கடற்பாசியைப் பற்றி அக்கேள்வி எழுவதே இல்லை. அது கடலில் வளரும் தாவரம். இராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் மீனவப் பெண்கள் மூழ்கிப் பறித்து வரும் பாசிகளிலிருந்து அகர் என்னும் இப்பொருள் எடுக்கப்படுகிறது.

அடுப்படியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு இப்பாசியைக் கொண்டு சென்றவரும் ஒரு குடும்பப் பெண்தான். 1881இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் ஜெலட்டினில் கிருமிகளை வளர்க்க முயன்றார். கோடை வெப்பத்தில் ஜெலட்டின் உருகி ஓடிவிட்டது. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தாம் இனிப்புக்குப் பயன்படுத்தும் அகர் வெயிலிலும் உருகாது என்று எடுத்துச் சொன்னார். ஜாவாத் தீவில் வாழ்ந்திருந்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து அவர் கற்ற பக்குவம் அது. ராபர்ட் கோக் அதனைத் தம் ஆய்வில் ஏற்றுக்கொண்டார். இன்றும் எந்த மருத்துவமனையிலும் சீழைப் பரிசோதிக்க வேண்டுமானால் அகர்த் தட்டில்தான் கிருமியை வளர்க்கிறார்கள்.

செயற்கையான ஹைட்ரோஜெல்லை மனித உடலுக்கு உகந்ததாக முதன்முதலில் ஆக்கிக் காட்டியவர்கள் செக் நாட்டு அறிஞர்களான ஓட்டோ விக்டர்லேயும் டிரகோஸ்லாவ் லீமும் ஆவர். அவர்களுடைய கட்டுரை 1960இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் விக்டர்லே, பிள்ளைகள் விளையாடும் கட்டுமானப் பொம்மைத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஒரு கருவி செய்து, கண்ணுக்குள் அணியும் மென்மையான வில்லைகளை வார்த்தெடுத்தார். இன்று கல்லூரி மாணவிகள் அணியும் காண்டாக்ட் லென்ஸ் அந்த வழியில் வந்ததுதான்.

நீரைத் தாங்கியிருப்பதால் ஹைட்ரோஜெல் சதையைப் போல மென்மையானது. புண்ணில் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது பிய்த்துக்கொண்டு வராது. சூட்டுக்குக் குளிர்ச்சியும் தரும். மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பொருளைக் காமாக் கதிரால் இறுகச் செய்து இத்தகைய தீக்காயக் கட்டுகளை உருவாக்கித் தந்திருக்கிறார்கள். ஒளிராத சாதாரண ஜெல் கட்டுகள் மருந்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றுக்கு ஒளி கொடுப்பது எப்படி என்பதே அடுத்த கேள்வி.

ஒளி பிறக்கும் விதம்

சில சாயங்களுக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. நெருக்கமாக அடைத்து வைத்தால் ஒன்றின் ஒளியை மற்றொன்று விழுங்கிவிடும். விலகிப் பரவினால் பளிச்சென்று ஒளிரும். இங்கிலாந்தில் பாத் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோபி ஜென்கின்ஸ் என்ற வேதியியல் பேராசிரியரின் குழுவினர் இக்குணத்தைப் பயன்படுத்திக்கொண்டனர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள் அத்தகைய சாயத்தைத் திணித்து, அப்பைகளை அகரிலிருந்து எடுத்த கூழில் பதித்துப் புண்ணின் மேல் போடும் படலமாக்கினர். புண் சுத்தமாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். தீங்கு செய்யும் கிருமிகள் பெருகினால் அவை சுரக்கும் நஞ்சு, நம் உடலின் உயிரணுக்களைத் துளைப்பது போலவே இந்தப் பைகளையும் துளைத்துவிடும். உடனே சாயம் கூழெங்கும் பரவும். புற ஊதா விளக்கைப் பிடித்தால் பச்சையாக ஒளிரும். திருடன் உடைத்த பூட்டே கூச்சல் போடுவதைப் போன்ற ஏற்பாடு இது.

இதன் மாதிரி வடிவத்தைப் பற்றிய ஆய்வு 2016இல் வெளியாயிற்று. அவர்கள் முதலில் கருத்தில் கொண்டது தீக்காயம் பட்ட குழந்தைகளை. வெந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது கிருமியாலா, காயத்தின் இயல்பாலா என்று எளிதில் சொல்ல முடியாது. கட்டைப் பிரித்தால் குழந்தை துடிக்கும். ஆறிவரும் தோலும் கெடும். பிரிக்காமல் ஆன்டிபயாடிக் கொடுத்தால் தேவையற்ற மருந்தாகி, கிருமிகள் அதற்குப் பழகிவிடும். பிரிக்காமலே உள்ளிருப்பதைச் சொல்லும் கட்டு வந்துவிட்டால் இவ்விரண்டு தொல்லையும் நீங்கும் அல்லவா?

வேறொரு வழியும் உண்டு. நலமான தோல் சற்றே புளிப்பு, அதாவது அமிலத் தன்மை உடையது. ஆறாமல் நாட்பட்ட புண்ணும் கிருமி தொற்றிய புண்ணும் பெரும்பாலும் காரத்தின் பக்கம் சாய்ந்துவிடுகின்றன. அமிலத்தில் ஒரு விதமாகவும் காரத்தில் வேறு விதமாகவும் ஒளிரும் சாயங்களைக் கூழில் பிணைத்து வைத்தால், புண் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் படிக்கலாம்.

நம் நாட்டிலும் இத்துறையில் நல்ல பணி நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் உதய் மைத்ராவின் குழுவினர், பித்தநீரிலுள்ள ஓர் அமிலத்தின் உப்பையும் டெர்பியம், யூரோப்பியம் ஆகிய அரிய உலோகங்களையும் சேர்த்து ஹைட்ரோஜெல் செய்தனர். டெர்பியம் பச்சையாகவும் யூரோப்பியம் சிவப்பாகவும் ஒளிரக்கூடியவை. ஆனால் தாமாக ஒளியை வாங்கத் தெரியாத உலோகங்கள் அவை. ஒளியை வாங்கிக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு துணை மூலக்கூறு வேண்டும். அக்குழுவினர் அந்தத் துணையின் கையைக் கட்டி வைத்தார்கள். உடலில் சுரக்கும் குறிப்பிட்ட நொதி வந்து அக்கட்டை அறுத்தால் மட்டுமே துணை விடுபடும், உலோகம் ஒளிரும். எந்த நொதியைத் தேடுகிறோமோ அதற்கேற்ற கட்டைப் போட்டுக்கொள்ளலாம். 2012இல் கூழிலும், பின்னர் 2016இல் சிறு காகித வட்டுகளிலும் இதனைச் செய்து காட்டினர். காகிதத்தில் ஊறிய கூழும் ஒரு புற ஊதா விளக்கும் போதும் என்ற எளிமையைப் படித்தபோது, என் பழைய இருட்டறை எனக்கு நினைவு வந்தது.

நமது அண்டை நாடான இலங்கையிலிருந்தும் ஒரு பங்களிப்பைச் சொல்ல வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பயின்று பின்னர் அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் பேராசிரியராக விளங்கிய ஏ. பிரசன்ன டி சில்வா, சோடியம் போன்ற உப்புகள் வந்து பற்றிக்கொண்டால் மட்டும் ஒளிரும் மூலக்கூறுகளை வகுத்தார். அவ்வழியில் பிறந்த உணர்விகள், நோயாளியின் ரத்தத்தில் உப்பின் அளவை நொடிகளில் சொல்லும் மருத்துவமனைக் கருவிகளில் இடம்பெற்றன.

தோலுக்கடியில் ஓராண்டு

இவையெல்லாம் ஆய்வுக்கூடக் கனவுகள் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துள்ள எவர்சென்ஸ் என்ற கருவியைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு குப்பி அது. மருத்துவர் மேற்கையின் தோலுக்கடியில் சிறு கீறலிட்டு அதை வைத்துவிடுகிறார். குப்பியின் மேல் பூசப்பட்டிருப்பது ஒளிரும் ஹைட்ரோஜெல். உடல்நீரிலுள்ள சர்க்கரை அக்கூழுக்குள் நுழைந்து, அதிலுள்ள போரான் கலந்த மூலக்கூறைப் பற்றும்போது ஒளி கூடும். விலகினால் ஒளி குறையும். உள்ளே இருக்கும் சிறு கருவி அவ்வொளியை அளந்து, கையின் மேல் ஒட்டியிருக்கும் அனுப்பியின் வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கைப்பேசிக்குச் சொல்லிவிடுகிறது.

2018 ஜூன் மாதத்தில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தபோது 90 நாள்தான் தாங்கியது. 2022இல் 180 நாளாயிற்று. 2024 செப்டம்பரில் ஓராண்டு தாங்கும் வகைக்கு அனுமதி கிடைத்தது. இதற்கு முன்னரே, ஜப்பானில் தக்கேயுச்சி குழுவினர் ஒளிரும் ஹைட்ரோஜெல் இழையை எலியின் காதில் வைத்து, 140 நாள் வரை சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தை வெளியிலிருந்தே கண்டு, 2011இல் வெளியிட்டிருந்தனர். அந்நியப் பொருளை உடல் அவ்வளவு எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை. சுற்றிலும் தழும்புச் சுவர் எழுப்பி மூடிவிடப் பார்க்கும். தண்ணீரால் ஆன கூழ் என்பதால் ஓரளவு இணங்கிப் போகிறது. ஆயினும் எவர்சென்ஸில் வீக்கத்தைத் தணிக்கும் மருந்தையும் சிறிது சிறிதாகக் கசியவிட வேண்டியிருக்கிறது. நாள்கணக்கை ஒவ்வொன்றாக ஏற்றியதே பெரும் போராட்டம்தான்.

நமக்கு என்ன?

இத்தனையும் எழுதிய பின் மனம் கும்மிடிப்பூண்டிக்கே திரும்புகிறது. இந்த விளக்கு இங்கே எப்போது எரியும்? ஒளிரும் கட்டு நம் ஊர் மருந்துக் கடையில் கிடைக்கும் பொருளன்று. ஓராண்டுக் குப்பியோ கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டாதது. இரண்டிலும் கூழ் விலை உயர்ந்ததில்லை. கடற்பாசியின் விலை நமக்குத் தெரியும். விலையை ஏற்றுவது சாயத்தின் தூய்மை, கிருமிநீக்கம், நோயாளிகளிடம் ஆண்டுக்கணக்கில் நடத்த வேண்டிய சோதனைகள் ஆகியவையே. அவற்றைச் செய்யக்கூடிய வேதியியல் பட்டதாரிகள் நம் மாவட்டத்தில் இல்லாமலில்லை. தினந்தோறும் அதே ரயிலில் வந்து இறங்குகிறார்கள். பெங்களூருவின் காகித வட்டைப் போன்ற எளிய வழிகளை இங்குள்ள கல்லூரிகளும் ஆலைகளும் கையிலெடுத்தால், ஏழைகளின் புண்ணுக்கு ஏற்ற கட்டு இந்த மண்ணிலேயே உருவாகலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது. விளக்கு செய்தியைத்தான் சொல்லும், புண்ணை ஆற்றாது. கட்டு பச்சையாக ஒளிர்ந்தாலும், மறுநாள் விடுப்பெடுத்தால் சம்பளம் போய்விடும் என்று அஞ்சுகிறவர் மீண்டும் செருப்பை மாட்டிக்கொண்டு உலைக்குத்தான் போவார். என் மச்சானுக்கு அறிவு குறைவில்லை. அவருக்கு இல்லாமற் போனது இரண்டு நாள் ஓய்வு. காயத்துக்குக் கூலியுடன் விடுப்பு என்பதை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உறுதி செய்யாதவரை எந்தப் புதுமையும் பாதி வழியில் நின்றுவிடும். நம் ஜமாஅத்துகளில் மருத்துவ உதவிக்கென நிதி வைத்திருப்பவர்கள், அறுவைக்குப் பணம் தருவதோடு, புண்பட்ட ஒருவரின் ஒரு வாரக் கூலியை ஈடு செய்வதையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு வாரக் கூலி சிறு தொகை. அது காப்பாற்றும் காலுக்கு விலையில்லை.

வசதிகள் அறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1948இலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் பேராசிரியர் எம். விஸ்வநாதன். 1954இல் அவர் ராயபுரத்தில் நிறுவிய மருத்துவமனை பாதப் பராமரிப்புக்குப் பெயர் பெற்றது. நம் ரயில் பாதையில்தான் ராயபுரமும் இருக்கிறது. திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வருகிறவரிடம் பாதத்தையும் காட்டுங்கள்.

விஞ்ஞானம் கொண்டுவரும் விளக்கு வந்து சேரும்வரை, சர்க்கரை உள்ளவர் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் எளிய வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். இரவு உறங்குமுன் இரண்டு பாதங்களையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பாதம் தெரியவில்லையென்றால் தரையில் ஒரு முகக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். விரலிடுக்கைத் துடையுங்கள். செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, உள்ளே கைவிட்டுத் தடவிய பிறகே அணியுங்கள். கட்டுப் போட்டிருந்தால் மருத்துவர் சொன்ன நாளில் அதைப் பிரித்துக் காட்டுங்கள். கட்டு வெள்ளையாக இருக்கிறதே என்று ஒருபோதும் நம்பியிருக்காதீர்கள். தந்தைக்கு மகளும் கணவருக்கு மனைவியும் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். எத்தனையோ கால்கள் தப்பும்.